குதிரை தின்ன தொப்பி: ஒரு பிரெஞ்சு ஊமைப்படத்தோட கதை

கல்யாண நாள் காலைல மாப்பிள்ளை ஒருத்தர் குதிரை வண்டில போயிட்டிருக்காரு, பாரிஸ் ஓரத்துல இருக்குற வின்சென் காட்டு வழியா. அவரு கொஞ்சம் அசந்த நேரத்துல, புதர் மேல மாட்டியிருந்த ஒரு வைக்கோல் தொப்பிய குதிரை எட்டிக் கடிச்சு மென்னுடுது. பொம்பளைங்க போடுற தொப்பி. புதருக்கு அந்தப் பக்கம் தொப்பிக்காரம்மா நிக்கிறாங்க, கூட ஒரு ராணுவ லெப்டினன்ட், ஆனா அவரு அந்தம்மாவோட புருஷன் இல்ல. தொப்பியோட வெளிய போன பொண்டாட்டி தொப்பி இல்லாம வீடு திரும்பினா சந்தேகப் பேர்வழியான புருஷன் சும்மா விடுவாரா, அதனால லெப்டினன்ட் நேரா மாப்பிள்ளை வீட்டுக்கே வந்து உக்காந்துக்குறாரு, அச்சு அசலா அதே மாதிரி தொப்பி கொண்டு வா, இல்லன்னா உன் வீட்ல ஒரு நாற்காலி கூட மிஞ்சாதுங்குறாரு. அந்தம்மாவும் அதே வீட்லதான் இருக்காங்க. வாசல்ல பொண்ணு வீட்டு ஆளுங்க வண்டி வண்டியா வந்து எறங்குறாங்க. மாப்பிள்ளை இப்ப கல்யாணத்துக்குப் போவாரா, தொப்பி தேடப் போவாரா?

இதான் 'இத்தாலிய வைக்கோல் தொப்பி' படத்தோட கதை, முழுக் கதையுமே இவ்ளோதான்னு கூட சொல்லலாம். பிரெஞ்சு டைரக்டர் ரெனே கிளேர் எடுத்தது, 1928 ஜனவரில பாரிஸ்ல ரிலீஸ் ஆச்சு. நான் முதல் தடவ பாத்தது ஒரு மங்கலான காப்பில, மேல போட்டிருந்த மியூசிக் படத்துக்கு சம்பந்தமே இல்லாம ஓடிட்டிருந்துச்சு, அப்படியும் நடுராத்திரில தனியா உக்காந்து வாய்விட்டு சிரிச்சேன். அப்புறம் நல்ல காப்பி பாத்தேன், திரும்பத் திரும்பப் பாத்தேன். சாப்ளின், கீட்டன் படங்கள எல்லாரும் பாத்திருப்போம், பிரான்ஸ்லேர்ந்து வந்த ஒரு முழுநீள ஊமைக் காமெடிய எத்தன பேரு பாத்திருப்போம்? ரொம்பக் கம்மி. அதுக்குக் காரணம் இருக்கு, பின்னாடி வரேன். முதல்ல படத்துல அப்படி என்ன இருக்குன்னு பாத்துடலாம்.

இது மேடை நாடகத்துலேர்ந்து வந்த கதை. ஓழேன் லபீஷ், மார்க் மிஷேல்னு ரெண்டு பேரு சேர்ந்து எழுதின அஞ்சு அங்க நாடகம், 1851 ஆகஸ்ட்ல பாரிஸ்ல முதல் முதலா போட்டாங்க. முழுக்க முழுக்கப் பேச்சு, நடுநடுவுல பாட்டு வேற. ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் தப்பாப் புரிஞ்சுக்கிறது, குறுக்க பேசுறது, வாய் வார்த்தைலயே மாட்டிக்கிறதுன்னு போகும். இப்படி வாயாலேயே ஓடுற ஒரு நாடகத்த வாயே இல்லாத சினிமாவுக்குக் கொண்டு வர்றது எவ்ளோ வில்லங்கமான வேலைன்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்துல நாடகத்தப் படமா எடுத்தவங்க நிறைய பேரு வசனத்த எல்லாம் டைட்டில் கார்டுல எழுதிப் போட்டாங்க, ஒரு நிமிஷம் நடிப்பு, அர நிமிஷம் படிப்புன்னு ஓடும். கிளேர் அந்தப் பக்கமே போகல. கார்டு ரொம்பக் கம்மி. பேச்சுல இருந்த சிரிப்ப எல்லாம் எடுத்துட்டு அந்த எடத்துல பொருள வெச்சாரு. எனக்கு இந்தப் படம் பிடிச்சதுக்கு முதல் காரணமே இதுதான்.

பொருள்னா பெரிசா ஒண்ணும் இல்ல. ஒரு கிராவட் டை. ஒரு ஜோடி ஷூ. ஒத்தக் கையுறை. காது கேக்காதவர் வெச்சிருக்குற குழல். பொண்ணோட அப்பாவுக்கு ஷூ இறுக்கம், நாள் முழுக்க அந்தக் காலோடதான் கல்யாணத்த நடத்துறாரு, மூஞ்சில சம்பந்திக்கான மரியாதச் சிரிப்பும் கால் வலியும் சேர்ந்தே இருக்கும். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வெள்ளக் கையுறைல ஒண்ணத் தொலச்சுட்டான், விசேஷத்துக்கு வெறும் கையோட நிக்கிறது அவமானம்னு அந்தக் கைய எங்க ஒளிக்கிறதுன்னு தெரியாம கடைசி வரைக்கும் தவிப்பான். இவங்க யாருக்கும் தொப்பி விவகாரம் தெரியாது. மாப்பிள்ளை தொப்பிக்கு அலையுற மாதிரியே இவங்களும் ஆளுக்கொரு சின்னப் பொருளோட மல்லுக்கட்டிட்டிருக்காங்க. நாலு பேரு முன்னாடி கௌரவமா நிக்கணும், அவ்ளோதான் எல்லாருக்கும் வேணும். அந்தம்மாவுக்கும் அந்த ஒரு தொப்பிதான் கௌரவம்.

டவுன் ஹால் சீன பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும். பிரான்ஸ்ல கல்யாணம்னா மேயர் முன்னாடி பதிவு பண்ணணும். மேயர் எழுந்து நின்னு பேச ஆரம்பிக்கிறாரு, நீளமான பேச்சு. கூட்டத்துல ஒரு அம்மாவுக்கு தன் புருஷனோட டை கழண்டு தொங்குறது கண்ல படுது. சத்தமா சொல்ல முடியாது, அதனால தன் கழுத்தத் தொட்டுத் தொட்டு சைகை காட்டுறாங்க. புருஷனுக்குப் புரியல. பக்கத்துல இருக்கறவருக்குப் புரிஞ்சுடுது, ஆனா தனக்குத்தான் சொல்றாங்கன்னு நெனச்சு அவரு தன் டைய சரி பண்றாரு. அதப் பாத்து இன்னொருத்தர், அப்புறம் அடுத்தவர், மாப்பிள்ளையும் கைய கழுத்துக்குக் கொண்டு போறாரு, கடைசில பேசிட்டிருக்குற மேயரே தடுமாறி டைய இழுத்து விட்டுக்குறாரு. யாரோட டை கழண்டிருக்கோ அந்த மனுஷன் மட்டும் நிம்மதியா நின்னுட்டிருக்காரு. அந்த அம்மாவா வர்ற அலீஸ் திஸோவோட கண்ணப் பாருங்க, அவ்ளோ கோவம், ஆனா சபை முன்னாடி காட்ட முடியாத கோவம். ஒரு டைட்டில் கார்டு வேண்டாம், ஒரு சத்தம் வேண்டாம், யாரும் கீழ விழல, யாரும் யாரையும் அடிக்கல. அமெரிக்க ஊமைக் காமெடில உடம்பு பறக்கும், ஓடும், மாடிலேர்ந்து தொங்கும், அது ஒரு பெரிய கலை, நான் கொறச்சு சொல்லல. இங்க ஒரு மண்டபம் முழுக்க கௌரவமான ஆளுங்க அப்படியே நின்ன எடத்துல நிக்கிறாங்க, விரல் மட்டும்தான் அசையுது, அதுலேர்ந்து இவ்ளோ சிரிப்பு வருது.

இந்த நாடகத்தோட மெக்கானிசத்த தத்துவவாதி ஹென்ரி பெர்க்சன் 1900ல சிரிப்பு பத்தி எழுதின புத்தகத்துலயே எடுத்துப் பேசியிருக்காரு. தொப்பி கைக்குக் கிடைக்கப் போற நேரத்துல எல்லாம் நழுவுது, அத தொரத்துற மாப்பிள்ளை பின்னாடி எல்லாரும் காந்தத்துல ஒட்டுன இரும்புத் தூள் மாதிரி ஒருத்தர ஒருத்தர் புடிச்சுட்டு இழுபடுறாங்க, ஒருவழியா தொப்பி இருக்குற எடம் தெரிஞ்சு அங்க போய்ப் பாத்தா இவங்க தேடுற தொப்பி குதிரை தின்ன அதே தொப்பிதான்னு தெரியவருது. அந்த எடம் வேற எதுவும் இல்ல, அந்தம்மாவோட வீடுதான். மாப்பிள்ளை நேரா போய் சிக்குறது அவங்க புருஷன் கிட்ட. அவரு பாவம், தண்ணித் தொட்டில கால ஊற வெச்சுட்டு பொண்டாட்டி இன்னும் வரலியேன்னு உக்காந்திருக்காரு. அவரு யாருன்னு தெரியாம மாப்பிள்ளை முழுக் கதையையும் அவருகிட்டயே சொல்லுவாரு.

அந்தக் கதை சொல்ற எடத்துல கிளேர் பண்ணது எனக்கு ரொம்பப் பிடிக்கும். காட்டுல நடந்தத அப்படியே திரும்பக் காட்டாம, பழைய நாடக மேடை மாதிரி வரைஞ்ச திரை, மிகையான கையசைவுன்னு ஒரு சோக நாடகமா காட்டுறாரு. மாப்பிள்ளை எவ்ளோ ஜோடிச்சு சொல்றாருன்னு நமக்குப் புரியுது, கேக்குறவரு மெல்ல மெல்ல இது நம்ம வீட்டுக் கதைன்னு கண்டுபிடிக்கிறதும் கண்ணு முன்னாடி நடக்குது. நாடகத்துலேர்ந்து வந்த படம் நாடகத்தப் பாத்து சிரிக்குது, ஆனா அந்த சிரிப்புல வெறுப்பு இல்ல.

இப்ப கிளேர் பண்ண இன்னொரு மாத்தத்துக்கு வரேன், படத்தோட உயிரே அதுலதான் இருக்குன்னு நான் நம்புறேன். நாடகம் 1851ல நடக்குற கதை. படத்துல அத 1895க்கு கொண்டு வந்துட்டாரு. சினிமா தெரிஞ்சவங்களுக்கு அந்த வருஷம் மறக்காது, 1895 டிசம்பர் 28ந்தேதி பாரிஸ் கிராண்ட் கஃபேல லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிட்டு முதல் முதலா படம் காட்டினாங்க. கிளேர் படத்தோட கதை மட்டும் இல்ல, எடுத்த விதமும் அந்தக் காலத்து மாதிரிதான். கேமரா பெரும்பாலும் அசையாம நேருக்கு நேரா நிக்கும், ஆளுங்க சட்டகத்துக்குள்ள வந்து நடிச்சுட்டுப் போவாங்க, பாக்க ஒரு பழைய குடும்ப ஃபோட்டோ ஆல்பத்தப் பொரட்டுற மாதிரி இருக்கும். கேமராவ அசைக்கத் தெரியாம இல்ல. 1924லயே தலைகீழா, வேகமா, சவ ஊர்வலத்தையே ஓட விட்டுப் படம் எடுத்த ஆளு இவரு. அந்த நேரத்துல பிரெஞ்சு டைரக்டர்கள்ல பாதிப் பேரு கேமராவ பறக்க விட்டு, பிம்பத்து மேல பிம்பத்த ஏத்திட்டு இருந்தாங்க. இவரு வேணும்னே பின்னாடி போய் நின்னாரு.

ஏன்னு கேட்டா, அந்தப் பழைய சினிமா அப்பவே மறைஞ்சுட்டு இருந்துச்சு. சினிமா ஆரம்ப காலத்துல மாயாஜாலப் படங்கள் எடுத்த ஜார்ஜ் மெலியே தன்னோட படங்களோட நெகட்டிவ்களை 1923ல தானே எரிச்சுட்டாரு, வெக்க எடமும் இல்ல, வாங்க ஆளும் இல்ல. 1926ல தொறந்த ஊர்சுலின் மாதிரி பாரிஸ் சின்ன தியேட்டர்கள்ல முதல் உலகப் போருக்கு முந்தின படங்களப் போட்டப்ப ஜனங்க அந்தத் தொப்பியையும் கையாட்டுறதையும் பாத்து சிரிச்சாங்க. கிளேரும் சிரிக்கிறாரு, ஆனா அதுல பாசம் இருக்கு. அவரு 1898ல பொறந்தவர், 1895 உலகம்னா அது அவங்க அப்பா அம்மாவோட கல்யாண ஆல்பம்.

இதுல ஒரு விஷயம் என்னை ரொம்ப நெகிழ வெக்கும். இந்தப் படத்த தயாரிச்சது ஆல்பட்ரோஸ் கம்பெனி. ரஷ்யப் புரட்சிக்கு அப்புறம் ஓடி வந்த ரஷ்ய சினிமாக்காரங்க சேர்ந்து 1922ல ஆரம்பிச்ச கம்பெனி, புயல் அடிச்சாலும் நின்னுட்டிருப்போம்ங்குறதுதான் அவங்களோட முத்திரை வாசகம். அவங்க ஸ்டுடியோ பாரிஸ் பக்கத்துல மோந்த்ரேய்ல, பாத்தேங்குற பிரெஞ்சு சினிமாக் கம்பெனி முன்னாடி வெச்சிருந்த கண்ணாடி ஸ்டுடியோ. மெலியே தன்னோட முதல் ஸ்டுடியோவக் கட்டினதும் அதே மோந்த்ரேய் ஊர்லதான். பிரெஞ்சு நடுத்தரக் குடும்பத்த இவ்ளோ கச்சிதமா காட்டுற படத்துக்கு தயாரிப்பாளர் ரஷ்யாக்காரர், பேரு அலெக்சாண்டர் கமென்கா. செட் போட்ட லசார் மீர்சனும் ரஷ்யாலேர்ந்து வந்தவர்தான். தொப்பிக்காரம்மாவா நடிச்ச ஓல்கா செகோவா, எழுத்தாளர் செகாவோட மனைவிக்கு அண்ணன் பொண்ணு, அப்ப ஜெர்மன் படங்கள்ல பெரிய ஆளு. மீர்சனோட வீடுகள உத்துப் பாருங்க, சுவரெல்லாம் படச் சட்டம், மேசையெல்லாம் பொம்மையும் ஜாடியும், நடக்க எடம் இல்லாத அளவுக்கு சாமான், இந்த வீட்ட ஒரு லெப்டினன்ட் ஒடைக்கப் போறேன்னு சொல்லும்போது நமக்கே பக்குன்னு இருக்கும். வெளியூர்க்காரங்க கண்ணுக்குத்தான் ஒரு ஊரோட பழக்கவழக்கம் இவ்ளோ துல்லியமாத் தெரியும்னு எனக்குத் தோணும்.

தொப்பி ஏன் அவ்ளோ முக்கியம்னும் சொல்லிடுறேன். இத்தாலிய வைக்கோல்ங்குறது ஃபுளோரன்ஸ் பக்கத்துல தொப்பிக்காகவே நெருக்கமா வெதச்சு, பழுக்கறதுக்கு முன்னாடியே புடுங்கி, வெயில்ல வெளுக்க வெச்ச கோதுமைத் தாள். மெல்லிசு, வெளிர் நிறம், பின்ன ரொம்ப நாள் ஆகும், வெலையும் ஜாஸ்தி. நெனச்சவொடனே கடைல போய் அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட முடியாது. கோதுமைத் தாள்ங்குறதாலதான் குதிரையும் விரும்பித் தின்னுச்சு.

சரி, இந்த மாதிரிப் படங்கள் ஏன் கம்மி? முதல் உலகப் போருக்கு முன்னாடி நெலம நேர் எதிர். பாத்தே அப்ப உலகத்துலயே பெரிய சினிமாக் கம்பெனி, காமெடின்னாலே பிரான்ஸ்தான். மாக்ஸ் லிண்டர்னு ஒருத்தர், போர்தோ பக்கம் 1883ல பொறந்தவர், பட்டுத் தொப்பி, கோட்டு, கைத்தடியோட ஒரு பணக்கார இளைஞனா வருவாரு, 1910 வாக்குல பல நாடுகள்ல பேரு தெரிஞ்ச முகம் அது. சாப்ளினே ஒரு ஃபோட்டோல தன்ன அவரோட சிஷ்யன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. 1914ல போர் வந்துச்சு, நடிகருங்க, தொழிலாளிங்கள எல்லாம் படைக்குக் கூப்பிட்டாங்க, ஸ்டுடியோ மூடுச்சு, அந்தக் காலி எடத்துல அமெரிக்கப் படங்கள் வந்து உக்காந்துச்சு. லிண்டர் போர்ல ஒடம்பு கெட்டு, அமெரிக்கா போய்ப் படம் எடுத்து, திரும்பி வந்து, 1925ல மனைவியோட சேர்ந்து உயிர விட்டுட்டாரு. அப்ப அவங்க பொண்ணு மோடுக்கு ஒன்றரை வயசு கூட ஆகல. அந்தப் பொண்ணு பெரியவளாகித்தான் அப்பாவோட படங்களத் தேடித் தேடி சேர்த்தாங்க, 1963லயும் 1983லயும் அதுகள வெச்சு ரெண்டு தொகுப்புப் படம் கொண்டு வந்தாங்க. ஒரு காலத்துல ஊரெல்லாம் ஓடின படங்களுக்கே அந்தக் கதி.

போருக்கு அப்புறம் பிரான்ஸ்ல பெரிய டைரக்டர்கள் எல்லாம் காவியம், ஓவியம், கவிதைன்னு போயிட்டாங்க. காமெடி கீழ்த்தட்டு சரக்குன்னு ஒரு எண்ணம் இருந்துச்சு. அதனால 1920கள்ல நல்ல முழுநீளக் காமெடியா அங்க எடுக்கப்பட்டதே விரல் விட்டு எண்ணுற அளவுதான், கிளேரே இதுக்கப்புறம் லபீஷோட இன்னொரு நாடகத்த வெச்சு ஒரு ஊமைக் காமெடி எடுத்தாரு, அதுக்குள்ள பேசும்படம் வந்துடுச்சு. 1930ல கிளேர், மீர்சன், இந்தப் படத்துல மாப்பிள்ளையா வந்த அல்பேர் ப்ரெஜான் மூணு பேரும் மறுபடி சேர்ந்தாங்க, பேசும்படத்துக்கு. இந்த 'தொப்பி' வந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு, அதுக்குள்ள ஊமைப்படம் எடுக்குற கலையே தொழிலா இல்லாமப் போச்சு.

பேசும்படம் வந்ததும் ஊமைப்பட காப்பிங்களுக்கு மதிப்பு போயிடுச்சு. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட், பொறி பட்டாப் பத்திக்கும், வெச்சிருந்தாலும் மெல்ல மெல்லப் பிசுபிசுத்துப் பொடியாயிடும். மேல இருக்குற ரசாயனப் பூச்சுல வெள்ளி இருக்கு, அதனால எடைக்குப் போட்டு உருக்கி வெள்ளி எடுத்தாங்க. கெடங்கு வாடகை குடுக்கறதுக்கு பதிலா இது லாபம். அமெரிக்காவுல எடுத்த முழுநீள ஊமைப்படங்கள்ல சுமார் 70 சதவீதம் தொலஞ்சே போச்சுன்னு அங்க நாடாளுமன்ற நூலகம் 2013ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது, அவ்ளோ பணக்கார நாட்லயே அப்படி. நமக்கும் இந்த வலி தெரியும், நடராஜ முதலியார் சென்னைல எடுத்த தென்னிந்தியாவோட முதல் கதைப்படம் 'கீசக வதம்' ஒரு ரீல் கூட இன்னிக்கு இல்ல.

'தொப்பி' பொழச்சதுக்குக் காரணம் சில மனுஷங்க. 1936ல ஹென்ரி லாங்லுவா, ஜார்ஜ் ஃப்ரான்ஜுன்னு ரெண்டு இளைஞர்கள் சில பெரியவங்க துணையோட பாரிஸ்ல சினிமதெக்னு ஒரு படக் காப்பகத்த ஆரம்பிச்சாங்க, ஊமைப்படங்கள் அழியுறதப் பொறுக்க முடியாமதான். கமென்கா தன்னோட ஆல்பட்ரோஸ் கம்பெனி நெகட்டிவ்களை வெள்ளிக்கு விக்காம அவங்ககிட்ட ஒப்படச்சாரு. நாட்ட விட்டு ஓடி வந்தவருக்கு எதக் காப்பாத்தணும்னு தெரிஞ்சிருக்கு. அந்த ஒரு முடிவு இல்லன்னா இன்னிக்கு இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்ல.

பொழச்ச படமும் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கிடைக்காது. அந்தக் காலத்துல ரெண்டு கேமராவப் பக்கத்துல பக்கத்துல வெச்சு உள்ளூருக்கு ஒரு நெகட்டிவ், வெளிநாட்டுக்கு ஒரு நெகட்டிவ்னு எடுக்கறது வழக்கம், அதனால ஊமைப்படங்கள்ல நாட்டுக்கு நாடு ஷாட்டும் நீளமும் மாறும். இந்தப் படம் அமெரிக்காவுக்கு 'குதிரை தொப்பியத் தின்னுடுச்சு'ங்குற பேர்ல போச்சு. ஓடுற வேகமும் ஒரு தொல்லை, ஊமைப்படத்த பேசும்பட வேகத்துல ஓட்டினா ஆளுங்க எல்லாம் வெடுக்கு வெடுக்குன்னு நடப்பாங்க, டவுன் ஹால் சீன்ல அந்த அம்மா கழுத்தத் தொடுறதுக்கும் பக்கத்துல இருக்கறவர் கை எழும்புறதுக்கும் நடுவுல இருக்குற அந்தச் சின்ன யோசனை காணாமப் போயிடும், சிரிப்பே அந்த யோசனைலதான் இருக்கு. அதனால பாக்கறதா இருந்தா சரியான வேகத்துல சீரமைச்ச காப்பியாத் தேடிப் பாருங்க, சுமார் ஒண்ணே முக்கால் மணி நேரம் ஓடும். முதல் இருவது நிமிஷம் மெதுவாத்தான் போகும், சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரையும் அவங்க தொல்லையையும் நமக்கு அறிமுகம் பண்ணிட்டு இருப்பாரு, பொறுமையா இருங்க, அத்தனைக்கும் பின்னாடி பலன் இருக்கு.

முடிஞ்சா ரெண்டாவது தடவையும் பாருங்க, அப்ப அந்தக் காது கேக்காத மாமாவ மட்டும் கவனிங்க, பால் ஒலிவியே நடிச்சது. ஊரே தொப்பி தொப்பின்னு அலையுறது அவரு காதுல விழவே விழாது. யாரும் அவருகிட்ட நின்னு பேச மாட்டாங்க, பேசினாலும் கேக்காதுன்னு நகர்ந்துடுவாங்க. அவரு கல்யாணப் பரிசாக் குடுத்த பெட்டி காலைலேர்ந்தே மாப்பிள்ளை வீட்ல இருக்கும். பரிசு என்னன்னு ஒருத்தர் பிரிச்சுப் பாத்திருந்தா படமே அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், ஏன்னா பெட்டிக்குள்ள இருக்குறது ஒரு இத்தாலிய வைக்கோல் தொப்பி.